பெயருக்கு முன்னால் ஒட்டியது

உப்போடையூரில் மனுசன் ஒருநாளும் தனியாக வந்தது கிடையாது. அவனுக்கு முன்னால் அவன் பட்டம் வரும், அந்தப் பட்டத்துக்கு முன்னால் இன்னொரு பட்டம் வரும், அதுக்கும் முன்னால் ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும், எல்லாம் வந்து நின்று கூட்டம் கைதட்டி ஓய்ந்த பிறகு, கல்யாண வீட்டுக்குக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கின ஆள் மாதிரி, மூச்சு வாங்கிக்கொண்டு பெயர் வரும். காதுகுத்துக்குக் கட்டுகிற பிளக்ஸில் பல் முளைக்காத பிள்ளை பெயருக்கு முன்னால் "வருங்கால" என்று போட்டிருப்பார்கள்; வருங்கால என்னது என்று கேட்டால், அதைப் பிறகு பார்த்துக்கிடலாம் என்பார்கள். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், நாலு முன்னாள் தலைவர்கள் இருந்தார்கள். அவர்கள் உட்காருகிற நாற்காலிக்கு மட்டும் மூணு கால்தான் இருந்தது.

அங்கே பெரிய ஆள் சிதம்பரவேல். கல்வித்தந்தை, கொடைவள்ளல், சமூகச் செம்மல், ஊர்க்காவலர் என்று வரிசையாகச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கல்வித்தந்தையின் பள்ளிக்கூடத்தில் மழை பெய்தால் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போடும். கொடைவள்ளல் என்ற பட்டத்தைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாரே, அது ஒன்றுதான் ஆயுசில் அவர் கை நீட்டிக் கொடுத்தது. ஊர்க்காவலர் தெருநாய்க்குப் பயந்து வடக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

பட்டம் கொடுப்பதில் உப்போடையூருக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. மாவு மில் வைத்திருந்த சண்முகக்கனிக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள், கேட்காமலே கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு போன இடத்தில் புருசன் குடித்துவிட்டு வந்து இஸ்திரிப்பெட்டியால் அவள் மணிக்கட்டில் சூடு வைத்தான், விடிந்ததும் அவள் தகரப்பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள், வந்து, அப்பா செத்த பிறகு பூட்டிக் கிடந்த மில்லைத் திறந்து பெல்ட்டை மாட்டினாள். சூடு பட்ட கையை ஊர் பார்க்கவில்லை; தகரப்பெட்டியைத்தான் பார்த்தது. அன்றைக்கு ஒட்டினதுதான் "வாழாத" என்ற சொல். வாழாத சண்முகக்கனி மில்லில் கூட்டமில்லை, வாழாத சண்முகக்கனியிடம் மிளகாய் கொடுத்திருக்கேன், வாழாத சண்முகக்கனி வீட்டுக்குப் பக்கத்தில் திரும்பு என்று, விலாசத்துக்குக்கூட அதைத்தான் சொன்னார்கள். அவள் அரைத்த மாவில் புட்டு அவித்து வாய் நிறையத் தின்றுவிட்டு, தின்ற வாயைக் கழுவுவதற்கு முன்னாலேயே சொன்னார்கள்.

அந்த மில்லை ஓட்டித்தான் தம்பி முத்துமாலையைப் படிக்கவைத்துக் கரண்டு ஆபீசில் இன்ஜினியர் ஆக்கினாள். அவன் பெயருக்கு முன்னால் "இன்ஜினியர்" ஏறின சூட்டோடு சிதம்பரவேல் தன் மகள் உலகேஸ்வரியைப் பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளையைப் பார்த்து முடிக்கவில்லை, அந்தச் சொல்லைப் பார்த்து முடித்தார்.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. தாலியில் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடணும், மூணாவது முடிச்சை மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் போடணும். முத்துமாலைக்குக் கூடப்பிறந்தவள் சண்முகக்கனி ஒருத்திதான். பெண்ணுக்குப் பூ வைக்கப் போன அன்றைக்கே சிதம்பரவேல் சம்சாரம் ஆவுடையம்மாள் பேச்சை எடுத்துவிட்டாள்.

"மூணாவது முடிச்சுக்கு உங்க பெரியப்பா மக்கமாருல யாரையாவது கூட்டிட்டு வாங்க. வாழாத சண்முகக்கனி கை எம்புள்ள கழுத்துல படப்பிடாது."

சண்முகக்கனி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பி தட்டிலிருந்த மைசூர்பாகைப் பார்த்தான்.

"யக்கா, அவ்வோ சொல்லுததுலயும் ஒரு இது இருக்குல்லா" என்றான்.

ஒரு இது. அத்தனை படிப்பும் படித்து அவன் வாயில் வந்தது அந்த ஒரு இதுதான்.

"அந்த முடிச்சு எனக்குள்ளது. நான்தான் போடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

நிச்சயதார்த்தம் சிதம்பரவேலின் கல்யாண மண்டபத்தில் நடந்தது. ரேடியோ செட் இருளப்பன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கல்வித்தந்தை" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வெளியே வந்து, மைக்கில் ஏறாமல், காய்ந்த தென்னமட்டை மாதிரிச் சத்தமாய் விழுந்தது, விழுந்து கிடந்தது. "கொடைவள்ளல்" என்றான், காலி மண்ணெண்ணெய் டின் போல அது படியில் உருண்டது. "சமூகச் செம்மல்" அழுகின பூசணிக்காயாகப் பொத்தென்று விழுந்து நாறியது. "ஊர்க்காவலர்" விழுந்த வேகத்தில் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கடைசியில் ஸ்பீக்கரில் கேட்டது "சிதம்பரவேல்" ஒன்றுதான். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த சனம், மனுசன் இவ்வளவு குட்டையா என்று அன்றைக்குத்தான் கவனித்தது.

ஏன் விழுந்தது, எதனால் விழுந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இலை போட்டாகிவிட்டது. "சோறு ஆறுதுவே, விழுந்ததைப் பிறகு பாப்போம்" என்று ஒருத்தர் சொன்னார், எல்லோரும் சொற்களைத் தாண்டிக் கால் வைத்துச் சாப்பிடப் போனார்கள்.

சாப்பிட்டு வெளியே வந்து பார்த்தால் ஊர் முழுக்க அதே கதை. சுவரில், தட்டியில், பிளக்ஸில், கல்வெட்டில், பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்தது எல்லாம் உதிர்ந்து சுவரடியில் கிடந்தது. பெயர் மட்டும் மேலே ஒண்டியாகக் காற்று வாங்கியது. துணைத் தலைவரிடமிருந்து "துணை" கழன்று அவரும் தலைவராகிவிட்டார், முன்னாள்களிடமிருந்து "முன்னாள்" கழன்று அவர்களும் ஆகிவிட்டார்கள், அத்தனை பேரும் போய் அந்த மூணுகால் நாற்காலியில் உட்கார அது இரண்டு காலாயிற்று. யூனியன் ஆபீசில் உதவி அதிகாரிக்கு "உதவி" விழுந்தது. முன்னாலேயும் அவர் உதவினதில்லை என்பதால் அங்கே ஒரு மாற்றமும் தெரியவில்லை. ரேஷன் கடையில் புழுத்த அரிசியைப் பார்த்து ஒரு பொம்பளை "அநியாயம்" என்று கத்தினாள், அந்தச் சொல்லின் முன்னால் ஒட்டியிருந்த துண்டு கழன்று அவள் பையில் விழ, மிச்சம் "நியாயம்" என்றுதான் கேட்டது. கடைக்காரன், "பாத்தீங்களா, அக்காவே சொல்லிட்டாவ" என்று அடுத்த ஆளுக்கும் அதே அரிசியை அளந்தான். சுடலைமாடன் வீட்டுச் சுவரில் "காலஞ்சென்ற" என்பது உதிர்ந்துவிட்டது, அவர் பெஞ்சாதி ஒரு தட்டு கூட வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள், பழைய வழக்கப்படி குழம்பில் உப்பில்லை என்று அவர் சொல்லுவதற்கும் காத்திருந்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உப்போடையூர் நல்லது செய்தது என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்து அந்த ஒன்றுதான்.

ஊர் பழகிக்கொண்டது. கழுதை விட்டை கிடந்தால் எப்படி விலகிப் போவார்களோ அப்படி விலகிப் போனார்கள். ஆடுகிற கட்டிலுக்கு ஒரு "புரட்சி"யை அண்டைக் கொடுத்தார்கள். "நிரந்தர" என்பதை எடுத்துக் கோழிக்கூண்டை மூடினார்கள், அது ஒரு வாரத்தில் உளுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துத் தமிழய்யா பூதலிங்கம் கையில் ஒரு கம்பை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, "இது பெயரடை, இது பெயரெச்சம், இது முன்னொட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்யா. கால்ல பட்டா குளிக்கணுமா, கழுவினாப் போதுமா, அதைச் சொல்லும்" என்று கேட்டார்கள். அவர் அடுத்ததைக் கம்பால் புரட்டப் போய்விட்டார்.

சண்முகக்கனியின் சொல் மில் வாசலில் விழுந்து கிடந்தது. மற்றதெல்லாம் சருகும் தகரமுமாய் இருக்க, இது மட்டும் ஆட்டுரல் குழவி மாதிரிக் கருப்பாய், கனமாய், வழவழவென்று இருந்தது. அத்தனை நாக்கு அத்தனை வருசம் உருட்டின வழவழப்பு. அவள் அதைக் காலால் தள்ளி, காற்றில் அடித்துக்கொள்கிற மில் கதவுக்கு முட்டாகக் கொடுத்தாள். தமிழய்யா வந்து கம்பால் தட்டிப் பார்த்தார்.

"இது எதிர்மறைப் பெயரெச்சம்."

"இதுக்கு இப்படி ஒரு பேரு வேற இருக்கா சார்? போன மாசம் வரைக்கும் நீங்களும் இதைச் சொல்லித்தானே என்னைக் கூப்பிட்டிய. அப்பம் என்னன்னு தெரியாமலா சொன்னிய?"

தமிழய்யா, வகுப்புக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

கல்யாண வேலை நடந்தது. ஆவுடையம்மாள் மூணாவது முடிச்சைப் பற்றி மறுபடி பேச வந்தாள். முத்துமாலையை முன்னால் நிறுத்திக்கொண்டு, "நான் என்ன சொல்லுதேன்னா, அந்த வாழாத" என்று தொடங்கினாள், சொல் வாயை விட்டு இறங்கி அவள் கால் பெருவிரலில் விழுந்தது. நொண்டிக்கொண்டு போனாள். மறுநாள் வந்து மறுபடி தொடங்கினாள், மறுபடி நொண்டினாள். அந்தச் சொல் இல்லாமல் காரணத்தைச் சொல்லலாம் என்றால், அவளிடம் வேறு காரணம் கிடையாது. மொத்தக் காரணமும் அந்த ஒரு சொல்லாகத்தான் இருந்தது. கடைசியில் விரல் வீங்கினதுதான் மிச்சம் என்று, "சரி, சண்முகக்கனியே போடட்டும்" என்று சொல்லிவிட்டாள். முத்துமாலை அக்காளிடம் ஓடி வந்து, தானே சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த மாதிரிச் சொன்னான்.

ஆனால் சிதம்பரவேலுக்கு மனசு ஒப்பவில்லை. வெறும் பெயரோடு தெருவில் போனால் வேட்டி கட்டாமல் போகிற மாதிரி இருக்கிறது என்று அழுதார். வீட்டிலும் மரியாதை குறைந்துவிட்டது. ஆவுடையம்மாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். அவர் கூட்டம் போட்டார். விழுந்ததைப் பொறுக்கி, புளி போட்டு விளக்கி, உடையவர்களுக்குத் திரும்ப ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. எதை வைத்து ஒட்டுவது? உப்போடையூர்க்காரனுக்கு ஒட்டுவது என்றால் ஒன்றுதான் தெரியும், போஸ்டர் பசை. மைதாவைக் காய்ச்சி வாளியில் கொண்டுவந்தார்கள், பஸ் ஸ்டாண்டு பொட்டலில் பெரிய மனுசர்கள் சட்டையோடு வரிசையாய் நிற்க, நெஞ்சில் பசையைத் தடவி அவரவர் பட்டத்தை அவரவர் மேல் அப்பினார்கள். ஒட்டிக்கொண்டது. இருளப்பன் மைக்கில் சொன்னான், விழவில்லை. கைதட்டினார்கள்.

போஸ்டரைத் தின்று வளர்ந்த ஆடுகள் அந்தப் பொட்டலில்தான் மேயும் என்பதை ஒருத்தரும் நினைக்கவில்லை. மைதா வாசனைக்கு முதலில் ஒரு கிடா வந்தது, அது பின்னாலேயே மொத்தக் கிடையும் வந்தது. கல்வித்தந்தை வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தலைவர்கள் எல்லோரும் ஒரே வேப்பமரத்தில் ஏறினார்கள். ஆடுகள் நெஞ்சு நெஞ்சாக நக்கித் தின்றுவிட்டுப் போயின, பட்டங்கள் பழையபடி புழுதியில் கிடந்தன. "கொடைவள்ளல்" ஓரத்தைக் கடித்துத் தின்ற வெள்ளாடு அன்றையிலிருந்து தன் குட்டிக்கே பால் கொடுக்கவில்லை.

"மைதாதான் தப்பு. உளுந்து போட்டுக் காய்ச்சணும். உளுந்துப் பசையை மனுசனே பிரிக்க முடியாது" என்றார் சிதம்பரவேல். மகள் கல்யாணத்தன்றே ஒட்டிவிடுவது, மண்டபமும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, மைக்கும் இருக்கிறது, ஆடு உள்ளே வராது. முதலில் பட்டம், பிறகு தாலி. ஊரில் இருந்த ஒரே மில்லுக்கு இருளப்பன் உளுந்து மூட்டையோடு வந்தான்.

"மதினி, கல்வித்தந்தை ஒரு தாக்கல் சொல்லிவிட்டிருக்காரு" என்றான். 'கல்வித்தந்தை' அவன் செருப்பில் விழுந்தது, ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தான். "ஊருக்கே ஒட்டும்போது உங்களுக்கும் ஒட்டிரணுமாம். உங்கதை வாசல்ல கிடக்குல்லா, அதையும் கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்குக் கொண்டு வந்துரணுமாம். ஒருத்தரு மட்டும் வெறும் பேரோட திரிஞ்சா ஊரு பாக்க நல்லா இருக்காதாம்."

"தாலிக்கு முந்தியா, பிந்தியா?"

இருளப்பன் தரையைப் பார்த்தான். "முந்தி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல் ஒட்டின கையோடு மணவறைப் பக்கம் போனால் ஆவுடையம்மாள் கால்விரல் வலிக்காமலே காரணம் சொல்லிவிடுவாள், தம்பி மறுபடி மைசூர்பாகைப் பார்ப்பான்.

"கொண்டு வாரேன்னு சொல்லு" என்றாள். மெஷினைப் போட்டாள். தோலுளுந்தைத் தொட்டியில் கொட்டினாள். பிறகு கதவு முட்டுக்குக் கிடந்ததை இரண்டு கையாலும் தூக்கி, இருளப்பன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, உளுந்தோடு உள்ளே போட்டாள். மெஷின் ஒரு தரம் விக்கியது, பெல்ட்டு கீச்சென்றது, மில்லே ஒரு குலுக்குக் குலுங்கியது. அவள் மட்டையால் தொட்டியைத் தட்டிக்கொடுத்தாள். அப்புறம் மாவு வந்தது, மணல் மணலாய், இடையிடையே கருப்புத் துணுக்கோடு.

"மாவு கருப்பாட்டு வருதே மதினி?"

"தோலோட அரைச்சா அப்படித்தான் வரும். கொண்டு வரச் சொன்னாருல்லா, வருதுன்னு சொல்லு."

 இருளப்பன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பார்த்ததை ஒருத்தரிடமும் சொல்லாமல், மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

கல்யாணத்தன்று காலையில் பட்டம் ஒட்டுதல் நடந்தது. உளுந்துப் பசை, சும்மா சொல்லக்கூடாது, உடும்புப் பிடி. முதலில் சிதம்பரவேலின் வெறும் நெஞ்சில் பூசி, விளக்கிப் பளபளப்பாக்கின "கல்வித்தந்தை"யில் தொடங்கி நாலு பட்டத்தையும் அமுக்கினார்கள். அமுக்கின கொஞ்ச நேரத்தில் பசையில் இருந்த கருப்புத் துணுக்கெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்து, ஒவ்வொரு பட்டத்துக்கு முன்னாலும் போய் வரிசையாய் நின்று எழுத்தாயிற்று. இருளப்பன் மைக்கில் உள்ளதை உள்ளபடி வாசித்தான்.

"வாழாத கல்வித்தந்தை, வாழாத கொடைவள்ளல், வாழாத சமூகச் செம்மல், வாழாத ஊர்க்காவலர் சிதம்பரவேல்!"

 சிதம்பரவேல் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிய்க்கப் பார்த்தார், தோல்தான் வந்தது.

"என்னவே இது முன்னால?"

 அப்போது துணைத் தலைவர் எழுந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பட்டம். சிதம்பரவேல் நெஞ்சில் எட்டுச் சொல் இருப்பதை அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"அதென்ன, உமக்கு மட்டும் டபுளா? எனக்கும் போடச் சொல்லும்!"

போட்டார்கள். அவருக்கும் வந்தது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து இரண்டு பக்கமும் கும்பிட்டார். அதைப் பார்த்த முன்னாள்களுக்குப் பொறுக்கவில்லை. "நாங்க என்ன இளப்பமா?" என்று சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். தமிழய்யா, இது புதிய வகை அடுக்கு என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நின்றார். முத்துமாலை மணவறையிலிருந்து இறங்கி ஓடி வந்து "இன்ஜினியருக்கும், இன்ஜினியருக்கும்" என்று நெஞ்சைக் காட்டினான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எது கழுத்தில் கல்லாய்த் தொங்கியதோ அது இப்போது கிரீடமாகிவிட்டது. சிதம்பரவேலே, நாலு "வாழாத" தனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, துண்டை விலக்கி நன்றாய்த் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார்.

கெட்டிமேளத்துக்கு நேரமாயிற்று. இருளப்பன் மைக்கில், "மூணாவது முடிச்சுப் போட சண்முகக்கனி வரணும்" என்றான். மண்டபத்தில் இருந்த அத்தனை பெயரிலும் அது ஒன்றுதான் முன்னால் ஒன்றும் இல்லாமல் வந்தது.

ஆவுடையம்மாள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். புருசனைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள், வரிசையாய் உட்கார்ந்திருந்த பெரிய மனுசர்களைப் பார்த்தாள். அந்தச் சொல் ஆகாது என்று சொன்னால் முதலில் இத்தனை பேரையும் மண்டபத்தை விட்டு வெளியே தள்ளணும், மாப்பிள்ளையிலிருந்து தொடங்கணும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முத்துமாலை இரண்டு முடிச்சைப் போட்டான். சண்முகக்கனி உலகேஸ்வரிக்குப் பின்னால் போய் நின்று, சூடு பட்ட மணிக்கட்டில் வளையலை மேலே தள்ளிவிட்டு, கயிற்றை எடுத்தாள்.

"மதினி, மெதுவா. கழுத்து இறுக்குது" என்றாள் உலகேஸ்வரி, உதடு அசையாமல்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி. இவன் போட்ட ரெண்டும் கோழிக்காலுல கட்டின மாதிரி இருக்கு. இதுதான் நிக்கப் போவுது."

உலகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டாள். சண்முகக்கனி முடிச்சைப் போட்டு, இழுத்து, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். அட்சதை விழுந்தது, கொஞ்சம்தான் விழுந்தது, ஏனென்றால் பெரிய மனுசர்கள் எல்லோரும் வாளியடியில் மிச்சமிருந்த பசைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தி காலியாகக் கிடந்தது. அவள் கையில் ஒட்டின மஞ்சளை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே போய், நடு இலையில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, பரிமாறுகிறவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா நிக்க? சோத்தைக் கொண்டா."